மகனை அண்டார்டிகாவுக்கு அனுப்பலாமா? விக்கிரமசிங்கபுரத்து அண்ணாச்சிக்கு ஒரு பதில்

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து ஓர் அண்ணாச்சி கேட்டிருக்கிறார். மகன் ஐடிஐயில் டீசல் மெக்கானிக் முடித்துவிட்டுத் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில் பெரிய ஜெனரேட்டர்களைப் பார்த்துக்கொள்கிறான். அண்டார்டிகாவில் இருக்கும் நம் நாட்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு மெக்கானிக் எடுக்கிறார்கள் என்று விளம்பரம் பார்த்ததிலிருந்து, "ஒரு வருசந்தானப்பா, போயிட்டு வந்துருதேன்" என்று நிற்கிறானாம். மதினி சரியாகச் சாப்பிடுவதில்லையாம். அந்தக் குளிரை நம்ம உடம்பு தாங்குமா, விஞ்ஞானிகள் இருக்கிற இடத்தில் மெக்கானிக்குக்கு என்ன வேலை, அனுப்பலாமா வேண்டாமா என்பதுதான் கேள்வி.

அண்டார்டிகாவில் நம் நாட்டுக்கு இருக்கும் இரண்டு நிலையங்கள் மைத்ரியும் பாரதியும். நான் மைத்ரி நிலையத்தில் குளிர்காலம் முழுக்க இருந்தவன். மின்சாரப் பக்கம். ஊர் கல்லிடைக்குறிச்சி. அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் குளிர். இதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள், ஆனால் கவலைப்பட வேண்டியவற்றில் இது கடைசி. உலகத்திலேயே அதிகக் குளிர் என்று செய்தியில் வரும் மைனஸ் 89.2 டிகிரி, ரஷ்யாவின் வஸ்தோக் நிலையத்தில் 1983 ஜூலை 21-ல் பதிவானது. அது கண்டத்தின் உள்ளே, மூன்றரைக் கிலோமீட்டர் உயரப் பனி மேட்டில் இருக்கிறது. நம் மைத்ரியும் பாரதியும் கண்டத்தின் ஓரத்தில், பாறை தெரியும் இடங்களில் இருக்கின்றன. மைத்ரியில் கோடைக்காலத்தில், அதாவது நமக்கு மார்கழி, தை மாதங்களில், பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். குளிர்காலத்தில் மைனஸ் 30-க்குக் கீழேயும் போகும். கட்டடத்துக்குள் சூடு ஓடிக்கொண்டிருப்பதால் உள்ளே ஸ்வெட்டர் போதும். வெளியே போகும் உடுப்பு, பூட்ஸ், கையுறை எல்லாம் அவர்களே தருவார்கள்.

பயப்பட வேண்டியது காற்றுக்குத்தான். உள்ளே உயர்ந்த பனி மேட்டில் கிடந்து குளிர்ந்த காற்று கனத்துப்போய், சரிவில் வழிந்து கடலைப் பார்த்து இறங்கும். ஆடி மாசம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் பைக் ஓட்டியவனுக்குக் காற்று ஆளைத் தள்ளுவது என்றால் என்னவென்று தெரியும்; அதோடு பொடிப்பனியும் சேர்ந்து மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி அடித்தால் அதுதான் பனிப்புயல். நீட்டிய கை கண்ணுக்குத் தெரியாது. ஒரு குடிலுக்கும் அடுத்த குடிலுக்கும் இடையே கயிறு கட்டியிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். தனியாக யாரும் வெளியே போகக் கூடாது. போகும்போது பதிவேட்டில் எழுத வேண்டும், கையில் வாக்கிடாக்கி இருக்க வேண்டும். சின்ன வயசுப் பையன்களுக்கு இந்தக் கட்டுப்பாடு முதல் மாதம் எரிச்சலாக இருக்கும். முதல் புயலைப் பார்த்த பிறகு யாரும் பேச மாட்டார்கள்.

இடம் எது என்றும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டின் முதல் அண்டார்டிகப் பயணக் குழு, டாக்டர் காசிம் தலைமையில், 1982 ஜனவரியில் அங்கே இறங்கியது. அடுத்து 1983-84-ல் தட்சிண கங்கோத்ரி என்ற நிலையத்தைக் கட்டினார்கள். அது மிதக்கும் பனித்தட்டின் மேல் நின்றது. வருடா வருடம் விழும் பனியில் மெல்ல மெல்லப் புதைந்து, 1990 வாக்கில் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாகத்தான் பாறை மேல், ஷிர்மாக்கர் என்ற இடத்தில், தூண்கள் ஊன்றி மைத்ரி வந்தது. 1989-லிருந்து ஓடுகிறது. கடல் அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர். இன்னொன்று பாரதி, 2012-ல் வந்தது, லார்ஸ்மன் குன்றுகளில், கடலோரத்திலேயே. கப்பல் கண்டெய்னர்கள் 134-ஐ அடுக்கி, அதன்மேல் ஒரு தோல் போர்த்தியதுபோல் கட்டிய கட்டடம். இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் என்பதால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எட்டிப் பார்த்துவிட்டு வருகிற கதையெல்லாம் இல்லை. வடதுருவப் பக்கம் நார்வேயின் நி-ஆலசுந்தில் ஹிமாத்ரி என்று ஒன்று 2008 முதல் இருக்கிறது. அங்கே மின்சாரம், சாப்பாடு எல்லாவற்றையும் அந்த ஊர்க் கம்பெனியே பார்த்துக்கொள்கிறது; நம் ஆட்களில் விஞ்ஞானிகள் மட்டும் போய் வருவார்கள். உங்கள் மகனுக்கு அது தேவையில்லை.

சரி, மெக்கானிக்குக்கு என்ன வேலை? அண்ணாச்சி, அந்த நிலையமே மெக்கானிக்கின் கையில்தான் இருக்கிறது. குளிர்காலத்தில் ஒரு நிலையத்தில் இருபது, இருபத்தைந்து பேர்தான். அதில் விஞ்ஞானிகள் ஒரு பகுதி. மீதிப்பேர் டாக்டர், சமையல்காரர்கள், ஜெனரேட்டர் மெக்கானிக், வண்டி மெக்கானிக், எலக்ட்ரீஷியன், வெல்டர், பிளம்பர், தச்சர், தகவல் தொடர்பு ஆள். ஜெனரேட்டர் நின்றால் வெளிச்சம் போவதோடு முடியாது. சூடு போகும், தண்ணீர்க் குழாய் உறையும், உறைந்த குழாய் வெடிக்கும், சமையல் நிற்கும், வெளியுலகத் தொடர்பு அறும். நம்மூரில் மின்சாரம் போனால் விசிறியை எடுத்துக்கொள்கிறோம். அங்கே சில மணி நேரத்துக்குள் ஓட்டியாக வேண்டும்.

அதனால் வேலை என்பது பெரும்பாலும் காவல். ஒரு எந்திரம் ஓடும், ஒன்று தயாராக நிற்கும், ஒன்று பிரித்துப்போட்டுப் பராமரிப்பில் இருக்கும். ஷிப்டில் இருப்பவன் ஆயில் பிரஷர், கூலன்ட் சூடு, லோடு எல்லாவற்றையும் நேரா நேரத்துக்கு லாக் புக்கில் எழுத வேண்டும். நம்மூர் டீசலை அங்கே ஊற்றினால் மெழுகுபோல் கட்டி ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். குளிர் தாங்கும் எரிபொருள் தனியாக வருகிறது. டேங்கிலிருந்து அதை மாற்றுவதே ஒரு தனிக்கலை, ஏனென்றால் ஒரு சொட்டு தரையில் சிந்தினாலும் பதில் சொல்ல வேண்டும். வெளியே வண்டி வேலை செய்யும்போது கையுறை இல்லாமல் ஸ்பேனரைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். தடித்த கையுறையோடு எட்டாம் நம்பர் போல்ட்டைத் திருகப் பழக வேண்டும். ஸ்பேர் இல்லையென்றால் அடுத்த கப்பல் வரும்வரை இல்லைதான். பழைய ஒன்றைக் கழற்றி, கடைந்து, பற்றவைத்துச் சமாளிக்கிறவனுக்கு அங்கே மரியாதை. புது பார்ட் வாங்கி மாட்டி மட்டுமே பழகியவன் திணறுவான். மகன் எந்த வகை என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜெனரேட்டருக்கு அடுத்தபடியாக எங்கள் உயிரை வாங்கியது அதுதான். மைத்ரிக்கு முன்னால் பிரியதர்ஷினி என்று ஓர் ஏரி. குளிர்காலத்தில் மேலே பாளமாக உறைந்துவிடும், அடியில் தண்ணீர் இருக்கும். அங்கிருந்து பம்ப் செய்து நிலையத்துக்குக் கொண்டுவர வேண்டும், வருகிற வழியில் குழாயில் உறைந்துவிடக் கூடாது. எங்கேயாவது ஓர் இடத்தில் சூடு குறைந்தால் போதும், ராத்திரியென்றும் பார்க்காமல் ஆள் இறங்க வேண்டும். பாரதியில் கடல் தண்ணீரை உப்பு நீக்கிக் குடிக்கிறார்கள். தாமிரபரணிக் கரையில் பிறந்தவன் ஒரு பக்கெட் தண்ணீரை அளந்து குளிப்பதை அங்கேதான் கற்றுக்கொள்வான்.

தீயைச் சொல்லாமல் விட்டால் நான் சொன்னது முழுப் பதில் ஆகாது. சுற்றிலும் உலகத்தின் நன்னீரில் பெரும்பங்கு பனியாகக் கிடக்கிறது, ஆனால் அணைக்கத் தண்ணீர் கிடையாது. காற்று எலும்பாகக் காய்ந்திருக்கும். கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே விரலில் பொறி தட்டும். வஸ்தோக்கில் 1982 ஏப்ரலில் ஜெனரேட்டர் கட்டடமே தீப்பிடித்து எரிந்தது. ஒருவர் இறந்தார். மீதி இருபது பேர் அந்த இருட்டுக் குளிர்காலத்தை, பழைய எந்திரத்தை ஓட்டியும் தாங்களே செய்த அடுப்புகளை எரித்தும், மீட்க ஆள் வரும்வரை மாதக்கணக்கில் கழித்தார்கள். ஜெனரேட்டர் அறைக்கு வேலைக்கு வரும் எந்தப் பையனுக்கும் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டிய கதை இது. தீயணைப்புப் பயிற்சியை விளையாட்டாக எடுத்துக்கொள்கிறவனை யாரும் பக்கத்தில் வைத்துக்கொள்ள விரும்ப மாட்டார்கள்.

இனி உடம்பு. தேர்வானவர்களை டெல்லி எய்ம்ஸில் தலை முதல் கால் வரை சோதிப்பார்கள், மனநலச் சோதனையும் உண்டு. அப்புறம் உத்தரகாண்டில் ஆவ்லியில், இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் மையத்தில் பனிப் பயிற்சி. இத்தனை சோதனை எதற்கு என்று கேட்டால், மைத்ரிக்குப் பக்கத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. நாலைந்து கிலோமீட்டரில் ரஷ்யாவின் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையம். 1961-ல் அங்கே இருந்த ஒரே டாக்டர் லியோனித் ரோகோசோவ். அவருக்கே குடல்வால் வீங்கிவிட்டது. வெளியே பனிப்புயல், விமானம் வர வழியில்லை. ஒருவர் கண்ணாடியைப் பிடிக்க, ஒருவர் கருவிகளை எடுத்துக் கொடுக்க, மரத்துப்போகும் ஊசியைப் போட்டுக்கொண்டு தன் வயிற்றைத் தானே கிழித்து அறுவை செய்துகொண்டார். அப்போது அவருக்கு 27 வயசு. பிழைத்து, இரண்டு வாரத்தில் வேலைக்கும் திரும்பினார். இப்போது நம் நிலையங்களில் டாக்டர், மருந்து, கருவி எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லை. மகனுக்குச் சொத்தைப் பல் இருந்தால் ஊரிலேயே சரிசெய்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். பல்வலியோடு ஜூன் மாதத்தைக் கழிப்பவனைப் பார்க்கச் சகிக்காது.

அண்ணாச்சி, நீங்களும் மதினியும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இனிமேல்தான் வருகிறது. கோவாவில் வாஸ்கோவிலிருக்கும் தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம்தான் ஆள் எடுத்து அனுப்புகிறது. கேப்டவுன் போய், அங்கிருந்து ரஷ்யாவின் பெரிய சரக்கு விமானத்தில் பனிக்கட்டி ஓடுதளத்தில் இறங்கலாம், அல்லது கப்பலில் பத்து நாளுக்கு மேல் ஆடிக்கொண்டே போகலாம். விமானங்கள் நவம்பரிலிருந்து பிப்ரவரி கடைசி வரைதான். மார்ச்சில் கப்பலும் திரும்பிவிட்டால், அடுத்த நவம்பர் வரை வருவாரும் இல்லை, போவாரும் இல்லை. அந்த எட்டு மாதத்தில் வீட்டில் என்ன நடந்தாலும் அவன் வர முடியாது. கல்யாணம், சாவு, பிரசவம் எதுவானாலும் சரி. நான் இருந்தபோது கூட இருந்த ஒருவருக்கு அப்பா தவறிய செய்தி வந்தது. மனிதர் அன்றைக்கும் ஷிப்டுக்கு வந்தார். சமையல்கட்டில் இருந்த பெரியவர் அவருக்காக எல்லோரையும் உட்காரவைத்து ஒரு விளக்கு ஏற்றினார், அவ்வளவுதான் செய்ய முடிந்தது. இப்போதெல்லாம் இணையம் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் பேசலாம் என்பார்கள். பேசலாம். ஆனால் அதனால் வீட்டுக் கவலை தினமும் வந்து சேரும், அவனால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே வீட்டில் யாருக்காவது தீராத நோய் இருந்தாலோ, தங்கைக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தாலோ, இந்த வருடம் வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். விளம்பரம் வருடா வருடம் வருகிறது. கோடைக்கு மட்டும் போய் வரும் வேலைகளும் உண்டு; கிடைத்தால் முதலில் அது நல்லது.

இரண்டாவது, கூட இருக்கும் மனிதர்கள். மைத்ரியில் மே கடைசியில் மறையும் சூரியன் ஜூலை கடைசியில்தான் தலைகாட்டும். தூக்கம் நிலைகொள்ளாது, மூன்று மணிக்கு முழித்துக்கொண்டு டீ போடும் ஆட்களைப் பார்க்கலாம். ஜூன் 21, நடுக்குளிர்காலம், எல்லா நாட்டு நிலையங்களிலும் பெரிய பண்டிகை. ஒருவருக்கொருவர் வாழ்த்து அனுப்புவார்கள், விருந்து நடக்கும். கஷ்டம் அதற்கு அப்புறம்தான். பாதி முடிந்துவிட்டது என்று மனசு தளரும், மீதிப் பாதி அப்படியே இருக்கும். அப்போதுதான் சண்டைகள் வரும், அதுவும் எதற்கு? கரண்டியை யார் கழுவாமல் வைத்தது, டிவி ரிமோட் யார் கையில், பாட்டுச் சத்தம், இன்னொருவன் சாப்பிடும்போது எழுப்பும் ஓசை. தலைவர் முதல் கடைசி ஆள் வரை முறைபோட்டுப் பாத்திரம் கழுவ வேண்டும், கழிப்பறை சுத்தம் செய்ய வேண்டும். விஞ்ஞானி தரை துடைப்பார், மெக்கானிக் காய் நறுக்குவார். பெரிய குடும்பத்தில் நாலு சித்தப்பா, ஆறு மதினிமாரோடு வளர்ந்தவன் இதில் தப்பித்துவிடுவான். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போனோடு வளர்ந்த பையன் என்றால் யோசியுங்கள்.

மொழியையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அங்கே பேச்சு முழுக்க இந்திதான். லாக் புக் ஆங்கிலத்தில். இந்தி தெரியாத நம்மூர்ப் பையன் வேலையில் கெட்டிக்காரனாக இருந்தாலும், சாயங்காலம் எல்லோரும் சிரிக்கும்போது காரணம் புரியாமல் உட்கார்ந்திருப்பான். இருட்டு மாதங்களில் அது ஆளை உள்ளுக்குள் தின்றுவிடும். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்தே பேசிப் பழகச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்குக் குறை இல்லை என்று மதினியிடம் சொல்லுங்கள். அரிசி, பருப்பு, கோதுமை, உறைய வைத்த காய்கறி, கறி, மீன், பால்பவுடர் எல்லாம் ஒரு வருடத்துக்கும் மேலே இருப்பு வைத்திருப்பார்கள். பச்சைக் காய்தான் கப்பல் போன பிறகு தீர்ந்துவிடும். இட்லியும் கிடைக்கும். மாவு பொங்காது என்பதால் நாங்கள் பாத்திரத்தை ஜெனரேட்டர் அறையில் சூடான பக்கமாக வைப்போம். காலையில் ஷிப்ட் முடித்து வருகிறவன் மாவுப் பாத்திரத்தையும் கையோடு தூக்கி வருவான். தேங்காய்ப்பால் பவுடரில் ஒருமுறை சொதி வைத்தோம். ஊர்க்காரர்களிடம் சொன்னால் அடிப்பார்கள், ஆனால் பஞ்சாபிக்காரர்கள் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கல்லாகக் கிடக்கும், ஹீட்டர் பக்கம் வைத்துத்தான் தலைக்குத் தேய்க்க வேண்டும். உதடு, குதிகால் எல்லாம் வெடிக்கும் என்பதால் எண்ணெயும் வாஸ்லினும் தாராளமாகக் கொடுத்துவிடுங்கள். உடன்குடிக் கருப்பட்டியும் சுக்கும் கொண்டுபோகலாம். கறிவேப்பிலைக் கன்றை மண்ணோடு எடுத்துப்போகலாமா என்று ஒரு தம்பி கேட்டான். முடியாது. அண்டார்டிகாவின் சுற்றுச்சூழலைக் காக்க 1991-ல் கையெழுத்தான மாட்ரிட் ஒப்பந்தப்படி வெளிமண் அங்கே போகக் கூடாது. செருப்பில் ஒட்டிய விதையைக்கூடத் துலக்கிவிட்டுத்தான் இறங்க வேண்டும். பனியில் வண்டி இழுத்த நாய்களையே 1994-க்குள் வெளியேற்றிவிட்டார்கள். திரும்பும்போது குப்பையும் நம்மோடுதான் கப்பல் ஏறும். இதற்கென்று நம் நாட்டிலும் 2022-ல் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஞாபகத்துக்கு என்று ஒரு கல்லைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதே என்று இப்போதே சொல்லிவையுங்கள்.

விஞ்ஞானிகள் அங்கே என்னதான் செய்கிறார்கள் என்று மகன் கேட்டால், பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறிக் கிருஷ்ணாபுரம் வரை கூட்டிப்போங்கள். சிலைக்குப் பெயர்போன கோயில் இருக்கிற அதே ஊரில்தான் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருக்கிறது. காந்த நடுக்கோடு நம் மாவட்டத்தை ஒட்டிப் போவதால், மேலும் கீழும் ஆடும்படி தொங்கவிட்ட காந்த ஊசி இங்கே கிட்டத்தட்டப் படுத்தே இருக்கும். தெற்கே போகப் போக அது சாய்ந்து, காந்தத் துருவத்தில் செங்குத்தாக நிற்கும். அதே நிறுவனம் மைத்ரியிலும் பாரதியிலும் காந்தமானிகளை வைத்திருக்கிறது. சூரியனிலிருந்து புயல் கிளம்பினால் மைத்ரி வானத்தில் பச்சை ஒளி திரைபோல் ஆடும். அதே புயலில் கிருஷ்ணாபுரத்துக் கருவியின் கோடும் துள்ளும். பாரதியில் இஸ்ரோவுக்கு ஒரு தரைநிலையம் உண்டு, துருவத்தைச் சுற்றும் செயற்கைக்கோள்கள் தலைக்கு மேல் போகும்போதெல்லாம் படங்களை வாங்கிக்கொள்ளும். இவை ஒன்றுக்கும் ஒரு நிமிடம்கூட மின்சாரம் நிற்கக் கூடாது.

பணம் பற்றிச் சுருக்கமாக. இது ஒப்பந்த வேலை, நிரந்தரம் ஆகாது. சம்பளத்தோடு அங்கே இருக்கும் நாட்களுக்குத் தனிப்படி உண்டு. செலவழிக்கக் கடை இல்லாததால் மொத்தமும் மிஞ்சும். திரும்பி வந்த பிறகு அந்தச் சான்றிதழைப் பார்த்துக் கப்பல், எண்ணெய்க் கிணறு போன்ற இடங்களில் மதிப்பார்கள். ஆனால் இப்போது இருக்கும் வேலையை விட்டுவிட்டுப் போனால் அது காத்திருக்குமா என்பதை முதலாளியிடம் முன்பே பேசிக்கொள்வது நல்லது.

ஆக, பையனுக்கு உடம்பு நன்றாக இருந்து, கையில் தொழில் இருந்து, நாலு பேரோடு ஒட்டிப்போகிற குணமும் இருந்தால், வீட்டில் இந்த வருடம் பெரிய காரியம் ஏதும் இல்லையென்றால், நான் அனுப்பு என்றுதான் சொல்வேன். மதினிக்குச் சமாதானம் ஆகவில்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வீட்டுக்கு வருகிறேன், போட்டோக்கள் இருக்கின்றன. அதற்குள் மகனிடம் பாஸ்போர்ட் இல்லையென்றால் முதலில் அதற்கு எழுதிப்போடச் சொல்லுங்கள், திருநெல்வேலியிலேயே எடுத்துவிடலாம். ஐடிஐ சான்றிதழில் இருக்கும் பெயரும் ஆதாரில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.